ஸ்வெட்டர் பின்னும் பயிலரங்கு: வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு சிறு பின்னல் பயிலரங்கில் நான் நான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஓர் அணிக்குப் பத்துப் பேர் என்பது அதன் ஏற்பாடு. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் குறித்துவைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நாள் கேட்கப்படுபவை மேலே இருக்கின்றன; யோக், அதாவது தோளையும் நெஞ்சையும் மூடும் மேற்பகுதி, பாதியில் நிற்கும்போது பதற்றத்தோடு கேட்கப்படுபவை கீழே இருக்கின்றன.

சொல் பற்றி ஒரு குறிப்பு. பின்னலின் ஒவ்வொரு நூல் வளையத்தையும் வகுப்பில் எல்லோரும் ‘ஸ்டிச்’ என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் ‘கண்ணி’ என்று வைத்துக்கொண்டேன். நிட், பர்ல், ரிப், யோக், கேஜ் ஆகியவற்றை வழக்கில் உள்ளபடியே விட்டுவிட்டேன். நிட் என்பது முன்புறம் வழுவழுப்பாகத் தெரியும் கண்ணி, பர்ல் அதன் மறுபுறம்; இரண்டும் மாறி மாறி வரும் இழுபடும் விளிம்பு ரிப்; கேஜுக்குப் பொருள் கீழே வரும்.

எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாதுங்க. நேரா ஸ்வெட்டர் வகுப்புக்கு வரலாமா?

வரலாம், ஆனால் ஒரு மாதம் கழித்து வருவது நல்லது. கண்ணி ஏற்றுவது, நிட், பர்ல், கண்ணிகளை முடிப்பது ஆகிய நான்கும் கைக்குப் பழகியிருந்தால் போதும். சாண் அகலத்தில் ஒரு மஃப்ளரை முழங்கை நீளத்துக்குப் பின்னிப் பாருங்கள். முதல் வரிசையில் எத்தனை கண்ணிகள் இருந்தனவோ கடைசி வரிசையிலும் அத்தனையே இருந்தால் நீங்கள் தயார். முப்பதில் தொடங்கியது முப்பத்தேழில் முடிந்திருந்தால் இன்னொரு மஃப்ளர் பின்னுங்கள்.

மஃப்ளர், குல்லா எல்லாம் நிறைய பின்னியிருக்கேன். ஸ்வெட்டர்ல புதுசா கத்துக்க என்ன இருக்கு?

கைவேலையில் புதிதாக அதிகம் இல்லை. கற்க வேண்டியது ஆடையின் அமைப்பு. ஸ்வெட்டர் என்பது மூன்று குழாய்கள்: உடலுக்குப் பெரியதாக ஒன்று, கைகளுக்குச் சிறியவை இரண்டு. இந்த மூன்றும் அக்குளில் எப்படிச் சந்தித்து, தோளையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு, கழுத்தில் எப்படிச் சுருங்கி முடிகின்றன என்பதுதான் முழுப் பாடமும். முன், பின், கை எனத் துண்டுகளாகப் பின்னித் தைப்பது ஒரு முறை. எல்லாவற்றையும் ஒரே வட்ட ஊசியில் (இரு முனைகளும் வளையும் கம்பியால் இணைந்த ஊசி) சேர்த்துத் தையலே இல்லாமல் முடிப்பது இன்னொரு முறை. எங்கள் பயிலரங்கு இரண்டாவதில் நிற்கிறது, ஏனென்றால் தவறு எங்கே நடந்தது என்பது அதில் உடனே கண்ணில் படும்.

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோடாக இறங்கும் கைக்கு ரக்லான் என்று பெயர். வாட்டர்லூ போரில் 1815இல் வலக்கையை இழந்த பிரிட்டிஷ் தளபதி ரக்லான் பிரபுவின் பெயர் அது. அவர் பின்னாளில் தலைமை தாங்கிய கிரிமியப் போரில்தான் கார்டிகன் பிரபு 1854இல் பாலக்லாவா என்ற ஊருக்கருகே குதிரைப்படையை நடத்திச் சென்றார். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டருக்கு அந்தப் பிரபுவின் பெயரும், நாம் மங்கி குல்லா என்று சொல்வதற்கு அந்த ஊரின் பெயரும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டன. ஒரே போர் நம் குளிர்கால அலமாரியில் பாதிக்குப் பெயர் வைத்துவிட்டது.

நான் திருப்பூர்ங்க. எங்க ஊரே பின்னலாடைதான். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரம் குழாய் குழாயாகத் துணியைப் பின்னித் தள்ளுகிறது. அதன்பின் அந்தத் துணியை வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தை ஓவர்லாக் அடித்துத் தைக்கிறார்கள். அங்கே வடிவம் கத்தரியால் வருகிறது. கைப்பின்னலில் துணியும் வடிவமும் ஒரே நேரத்தில் உருவாகின்றன: அகலம் வேண்டிய இடத்தில் கண்ணியைக் கூட்டுகிறோம், வேண்டாத இடத்தில் இரண்டை ஒன்றாக்குகிறோம். வெட்டி எறிய மிச்சத் துணி எதுவும் இருக்காது. இயந்திரத்திலும் இதே போல வடிவத்தோடு பின்னுவது உண்டு, முழு ஆடையையும் தையலின்றிப் பின்னித் தரும் ஜப்பானிய இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் பனியன் கம்பெனியில் நீங்கள் பார்த்து வளர்ந்தது வேறு தொழில். அந்த அனுபவம் அளவெடுப்பதில் கைகொடுக்கும், மற்றதில் எல்லோரையும் போல முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறு வாரத்துல ஒரு ஸ்வெட்டர் முடிச்சிடலாமா?

பெரியவர்களுக்கானதை வகுப்பு நேரத்துக்குள் முடிக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். சுற்றளவு 200 கண்ணி, அங்குலத்துக்கு 7 சுற்று என்று கொண்டால் அக்குள்வரையிலான 15 அங்குல உடலுக்கு மட்டும் 21,000 கண்ணிகள் ஆகின்றன. இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 12,600, யோக்குக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் என்று மொத்தம் சுமார் 44,000 வருகிறது. நிமிடத்துக்கு 20 கண்ணி என்ற வேகத்தில் இது 37 மணி நேர வேலை. எங்களிடம் இருப்பதோ பதினெட்டு மணி நேரம், அதிலும் தேநீர் இடைவேளை உண்டு.

ஆகவே வகுப்பில் எல்லோரும் 60 கண்ணியில் ஒரு குட்டி ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். அது ஒரு கரடி பொம்மைக்குச் சரியாக இருக்கும். அக்குள், யோக், கழுத்து என எல்லாச் சந்திப்புகளும் அதில் உண்டு. சலிப்பூட்டும் பதினைந்து அங்குல உடல்தான் இல்லை. உங்கள் அளவு ஸ்வெட்டரை வீட்டில் இணையாகப் பின்னி, சிக்கும் இடங்களை வகுப்புக்குக் கொண்டுவரலாம்.

என்ன நூல், எவ்வளவு வாங்கணும் அக்கா? ஒரே கலர்தானே, குறைஞ்சா அப்புறம் வாங்கிக்கலாமா?

முதல் ஸ்வெட்டருக்கு நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில், உரோமம் நீட்டிக்கொண்டிராத நூலை வாங்குங்கள். கறுப்பு வேண்டாம், மலையில் மாலை நான்கு மணிக்கு மேல் கறுப்புக் கண்ணிகளை எண்ணுவது கண்ணுக்குத் தண்டனை. 36 அங்குல மார்பளவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ ஆகும், அதற்கு மேல் ஓர் உருண்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பின்னல் நூலில் பெரும்பங்கு லூதியானா ஆலைகளுடையது. அவற்றில் அக்ரிலிக்கும் கம்பளியும் பல விகிதங்களில் கலந்திருக்கும். முழு அக்ரிலிக் விலை குறைவு, மழைக்காலத்தில் சீக்கிரம் உலரும். ஆனால் கம்பளிக்கு உள்ள இழுத்தால் மீளும் குணமும், ஈரத்தை வாங்கிக்கொண்டும் சூடு காக்கும் குணமும் அதற்கு இல்லை. கலப்பு நூலை நான் பரிந்துரைப்பேன்.

பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்க வேண்டாம். நூலின் லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தும் தொகுதி எண் மாறினால், உருண்டையாகப் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு பின்னியபின் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். வேறு வழியில்லாமல் வாங்க நேர்ந்தால், பழைய நூலில் இரண்டு சுற்று, புதிய நூலில் இரண்டு சுற்று என்று சில அங்குலங்களுக்கு மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு கரைந்துவிடும்.

நீலகிரி ஆட்டுக் கம்பளியில் பின்னலாமா என்று வெளியூரிலிருந்து வருவோர் கேட்கிறார்கள். நீலகிரி என்றே பெயர்கொண்ட ஆட்டினம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவான அந்த இனத்தைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணுகிறார்கள். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் கம்பளி ஆடுகளுக்கு மத்திய அரசின் ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்புக்கு வரும் நூல் கடை நூல்தான்.

பேட்டர்ன்ல 8-ம் நம்பர் ஊசின்னு இருந்துச்சு, அதையேதான் வாங்கினேன். ஏன் இப்படி இறுக்கமா வருது?

நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் முறை இன்னும் புழங்குகிறது. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். அங்கே எண் ஏறினால் ஊசி தடிக்கும், 8 என்றால் 5 மில்லிமீட்டர். நீங்கள் பின்பற்றிய குறிப்பு அமெரிக்கருடையதாக இருந்திருக்கும். இரண்டு முறைகளும் 7-ஆம் எண்ணில் மட்டும் சந்தித்துக்கொள்கின்றன, இரண்டிலும் அது 4.5 மில்லிமீட்டர். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே வழி. உடலுக்கு 80 சென்டிமீட்டர் வட்ட ஊசியும், கைகளுக்கு 40 சென்டிமீட்டர் வட்ட ஊசியும் அல்லது இருமுனை ஊசிகள் ஐந்தும் தேவைப்படும்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆகணுமா? நேரா ஆரம்பிச்சா நேரம் மிச்சமாகுமே?

ஒருவரின் கை இறுக்கம், ஓர் ஊசி, ஒரு நூல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்பதே கேஜ். அதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை கண்ணி ஏற்றுவது என்பதை முடிவு செய்யவே முடியாது. 40 அங்குலச் சுற்றளவு வேண்டும் என்று அங்குலத்துக்கு 5 வீதம் 200 கண்ணி ஏற்றுகிறீர்கள். உண்மையில் உங்கள் கை 4.5 விழுத்தினால் ஸ்வெட்டர் 44 அங்குலத்துக்கு மேல் போகும், 5.5 விழுத்தினால் 36 அங்குலத்தில் நிற்கும். அரைக் கண்ணிப் பிழையில் ஒரு ஸ்வெட்டர் அப்பாவுக்கும் மற்றொன்று தம்பிக்கும் பொருந்தும், உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

துண்டு ஆறு அங்குலச் சதுரமாவது இருக்க வேண்டும். அதைத் துவைத்து உலர்த்தியபின், ஓரங்களை விட்டுவிட்டு நடுவிலுள்ள நான்கு அங்குலத்தில் எண்ணி நாலால் வகுக்க வேண்டும். என் முதல் ஸ்வெட்டருக்கு இரண்டு அங்குலத் துண்டில், அதுவும் ஊசியிலிருந்து இறக்காமலேயே எண்ணினேன். கால் கண்ணியைக் கண்ணுக்கு இதமாக விட்டுவிட்டேன். அந்த ஸ்வெட்டர் இப்போது என் அண்ணனிடம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வட்டமாகப் பின்னும்போது நிட் மட்டுமே வரும். திருப்பித் திருப்பிப் பின்னும்போது பர்ல் வரிசையும் வரும். பலருக்குப் பர்ல் சற்றுத் தளர்வாக விழும் என்பதால் இரண்டு கேஜும் ஒன்றாக இருப்பதில்லை. வட்ட ஸ்வெட்டருக்கு மாதிரியையும் நிட்டிலேயே பின்னுங்கள்: வரிசை முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினால் போதும்.

எந்த பேட்டர்னும் இல்லாம, எத்தனை ஸ்டிச் போடணும்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) என்ற பின்னல் ஆசிரியை இதற்கு ஒரு விழுக்காட்டு முறையைப் பரப்பினார். உடலின் மொத்தக் கண்ணிகளை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லா இடங்களையும் அதன் பங்காகச் சொல்லும் முறை அது. மார்பளவு 36, லூஸ் 4, ஆக 40 அங்குலம். கேஜ் 5 என்றால் உடலுக்கு 200. கீழ் விளிம்பு ரிப்புக்கு அதில் 90 விழுக்காடு, அதாவது 180. மணிக்கட்டுக்கு 20 விழுக்காடாக 40. கையின் மேற்பகுதிக்கு மூன்றில் ஒரு பங்காக 66. ஒவ்வோர் அக்குளுக்கும் 8 விழுக்காடாக 16. கழுத்துக்கு 40 விழுக்காடாக 80.

இது தொடக்கப் புள்ளிதான், வேதவாக்கு அல்ல. புஜம் பருத்தவர்கள் கைக்கு 36, 38 விழுக்காடுகூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை கைவந்தபின், எந்தக் கடையில் எந்த நூலைப் பார்த்தாலும் ஒரு மாதிரித் துண்டும் காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். எங்கள் மலையில் முந்தைய தலைமுறைப் பெண்கள், பழைய ஸ்வெட்டரைத் தரையில் விரித்துச் சாணும் விரலுமாக அளந்து செய்ததும் இதே காரியம்தான், அவர்கள் அதை விழுக்காடு என்று சொல்லவில்லை.

உடலையும் ரெண்டு கையையும் சேர்த்ததும் ஊசியில இருநூத்தி அறுபத்தெட்டு ஸ்டிச் இருக்கு. இதை எப்படி எம்பது ஆக்குறது? ரக்லானா, வட்ட யோக்கா?

முதலில் அந்த 268 எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். முந்தைய பதிலில் உள்ள 200இல் இரு அக்குள்களுக்கும் 16 வீதம் தனி நூலில் கோத்து வைத்தால் உடலில் 168 மிஞ்சும். ஒவ்வொரு கையின் 66இலும் 16 ஒதுக்கினால் 50 மிஞ்சும். 168உம் இரண்டு ஐம்பதும் சேர்ந்து 268.

வட்ட யோக் எளிது, ஏனெனில் மொத்தமே மூன்று முறைதான் குறைக்க வேண்டும். யோக்கின் பாதி உயரம் வரை அப்படியே பின்னி, நான்கு கண்ணிக்கு ஒன்று குறைத்தால் 201. முக்கால் உயரத்தில் மூன்றுக்கு ஒன்று குறைத்தால் 134. உச்சியில் மறுபடி மூன்றுக்கு ஒன்று குறைத்தால் ஏறத்தாழ 90. ரிப் தொடங்கும் சுற்றில் எஞ்சியதைச் சரிசெய்து 80க்கு வரலாம். இடையிலுள்ள வெற்றுச் சுற்றுகளில் வண்ணக் கோலம் போடலாம் என்பதால் ஐஸ்லாந்துக்காரர்களின் ஸ்வெட்டரில் இந்த அமைப்பே பேர்போனது.

ரக்லானில் கையும் உடலும் சந்திக்கும் நான்கு கோடுகளின் இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைப்பதால் ஒரு சுற்றில் 8 குறையும். 23 முறை குறைத்தால் 184 போய் 84 நிற்கும். பின்னுக்கு 38, முன்னுக்கு 38, கைகளுக்கு 4 வீதம். எல்லாம் அழகாக வருகிறதே என்று ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் குறைத்துக்கொண்டே போனால் 46 சுற்றில் முடிந்துவிடும், அதாவது ஆறரை அங்குலத்தில். அக்குளிலிருந்து கழுத்துவரை எட்டரை அங்குலம் வேண்டிய ஆளுக்கு அந்த ஸ்வெட்டர் அக்குளைப் பிடித்து மேலே இழுக்கும். குறைந்துபோன 2 அங்குலம் 14 சுற்றுக்குச் சமம். ஆகவே முதல் ஏழு முறை மட்டும் நான்கு சுற்றுக்கு ஒருமுறை குறைத்து, அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்கு மாறுங்கள். அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதை மட்டும் எண்ணி, எத்தனை சுற்று என்பதை எண்ணாமல் விடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மேலேர்ந்து கீழே பின்றது நல்லதா, கீழேர்ந்து மேலேயா?

கழுத்தில் தொடங்கினால் அவ்வப்போது போட்டுப் பார்க்கலாம், நூல் தீர்ந்தால் நீளத்தைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம். கீழிருந்து தொடங்கினால் நீண்ட வெற்று உடலைப் பின்னும்போதே கை நிதானப்பட்டுவிடும். கடினமான யோக் வரும்போது நீங்கள் பழகியிருப்பீர்கள். மேலே சொன்ன கணக்கு இரண்டுக்கும் பொருந்தும், ஒன்றில் குறைப்பது மற்றொன்றில் கூட்டுவதாக மாறும், அவ்வளவுதான். புதியவர்களுக்கு நான் கீழிருந்து என்பேன். வளரும் பிள்ளைக்குப் பின்னுகிறவர்கள் மேலிருந்து பின்னட்டும். அடுத்த ஆண்டு கீழ் விளிம்பைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டேன். முப்பது வருஷமா பின்றேன். இங்க வந்து வட்டமா பின்னினா எல்லா ஸ்டிச்சும் முறுக்கிக்குது. அம்மா சொல்லிக்கொடுத்தது தப்பா?

தப்பில்லை. ஊசியில் கண்ணி உட்கார்ந்திருப்பதை உற்றுப் பாருங்கள்: அதற்கு இரண்டு கால்கள் உண்டு, ஒன்று ஊசிக்கு முன்னால், மற்றொன்று பின்னால். வழக்கமான முறையில் முன்கால் ஊசி முனைக்கு அருகில் இருக்கும், நிட் போடும்போது அந்தக் காலில் ஊசியை நுழைப்போம். உங்கள் அம்மா பர்ல் போடும்போது நூலை ஊசிக்கு எதிர்ப்புறமாகச் சுற்றியிருக்கிறார். கைக்கு அது சுலபம், நூலும் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அப்படிச் சுற்றினால் கண்ணி திரும்பி உட்காரும், பின்கால் முனைக்கு அருகில் வரும். அடுத்த நிட் வரிசையில் அவர் பின்காலிலேயே நுழைத்ததால் எல்லாம் நேராகிவிட்டது. பர்லில் ஒரு திருப்பம், நிட்டில் ஒரு சரிக்கட்டல்.

வட்டப் பின்னலில் பர்ல் வரிசையே இல்லை. கண்ணிகள் திரும்பி உட்காராதபோதும் உங்கள் கை பழக்கத்தில் பின்காலையே தேடுவதால் ஒவ்வொன்றும் முறுகுகிறது. வட்டமாகப் பின்னும்போது முன்காலில் நுழையுங்கள், திருப்பித் திருப்பிப் பின்னும்போது அம்மாவின் முறையைத் தொடருங்கள். அந்த முறைக்குப் பின்னல் புத்தகங்களிலும் தனிப் பெயரும் இடமும் உண்டு. அதைத் தவறு என்று சொல்லும் ஆசிரியர், காலைப் பார்க்காமல் கையை மட்டும் பார்க்கிறார் என்று பொருள்.

நான் இடதுகைக்காரி. தனியா சொல்லித்தருவீங்களா?

தேவைப்படாது. இந்த வேலையில் இரு கைகளுக்கும் சம பங்கு உண்டு. நூலை இடக்கை விரலில் பிடித்துப் பின்னும் முறை ஐரோப்பாவின் பல நாடுகளில் எல்லோருக்கும் பொது. அதை முதலில் முயன்று பாருங்கள்.

ஆம்பளைங்க வரலாமா?

வரலாம், வருகிறார்கள். பழைய ஐரோப்பாவின் பின்னல் தொழிற்சங்கங்களில் ஆண்கள்தாம் உறுப்பினர்கள்.

வட்டமா சேர்த்து நாலு அங்குலம் பின்னிட்டேன். இப்பதான் பார்க்கிறேன், அடியில ஒரு முறுக்கு இருக்கு. சரி பண்ணலாமா?

நான்கு அங்குலத்துக்குப் பின் முடியாது, பிரிக்க வேண்டியதுதான். முதல் சுற்று முடிவதற்குள் கண்டுபிடித்திருந்தால், சேர்ந்த இடத்திலுள்ள ஒற்றை நூலில் அந்த முறுக்கைத் திருப்பி ஒளித்துவிடலாம். ஆகவே 200 கண்ணியையும் மேசைமேல் பரப்பி, ஏற்றிய விளிம்பு முழுவதும் ஊசியின் உட்பக்கமாகவே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபிறகே சேருங்கள். இந்த வேலையின்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசாதீர்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பேச்சே கூடாது என்று விதி வைத்திருக்கிறோம்.

போட்டுப் பார்த்தா முன்கழுத்து தொண்டையை நெரிக்குது, பின்னாடி முதுகுல இறங்குது. ஏன்?

கழுத்துக்கு 80 சரிதான், ஆனால் அந்த வட்டம் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருக்கிறது. மனிதக் கழுத்தோ முன்பக்கம் தாழ்ந்தும் பிடரியில் உயர்ந்தும் இருக்கிறது. பின்பக்கத்தை மட்டும் ஓர் அங்குலமாவது உயர்த்த வேண்டும். அதற்குக் குறுவரிசை என்று பெயர்: பின்பக்கக் கண்ணிகளை மட்டும் பின்னி, முன்பக்கத்துக்குள் போகாமல் பாதியிலேயே திரும்பி, ஒவ்வொரு தடவையும் சில கண்ணிகள் முன்னதாகவே திரும்பிக்கொண்டே வருவது. ஆறு அல்லது எட்டு வரிசை போதும். திரும்பும் இடத்தில் விழும் சிறு ஓட்டையை அடைக்க அந்தக் கண்ணியைச் சுற்றி நூலைப் போர்த்தும் உத்தி நான்காம் வாரப் பாடத்தில் வருகிறது. மார்பு எடுப்பாக உள்ளவர்களுக்கு முன்விளிம்பு மேலே ஏறி நிற்கும் குறைக்கும் இதே மருந்துதான். குறுவரிசையை முன்பக்கத்தில், மார்புக்குச் சற்றுக் கீழே போட வேண்டும்.

பின்னின ஸ்வெட்டரை கத்தரியால நடுவுல வெட்டி கார்டிகன் ஆக்குற வீடியோ பார்த்தேன். நிஜமா?

நிஜம். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளிலும் நார்வேயிலும் இது பழைய வழக்கம். முன்பக்க நடுவில் ஐந்து முதல் ஏழு கண்ணிகளைக் கூடுதலாக வைத்து வட்டமாகவே பின்னி முடித்து, அந்தப் பட்டையின் நடுவே வெட்டுவார்கள். ஷெட்லாண்ட் கம்பளியின் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் வெட்டுவாய் அவிழாது. மேலும் கண்ணிகள் மேலிருந்து கீழாகத்தான் அவிழும், பக்கவாட்டில் அவ்வளவு எளிதில் அவிழ்வதில்லை.

அக்ரிலிக்கிலோ, இயந்திரத்தில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்திய வழுவழுப்பான மெரினோவிலோ இதை நம்பிச் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் வெட்டும் கோட்டின் இருபுறமும் தையல் இயந்திரத்தில் இரண்டிரண்டு வரி அடித்துவிட்டு வெட்டுங்கள். முதல் வெட்டை மாதிரித் துண்டில் வெட்டுங்கள், ஸ்வெட்டரில் அல்ல.

கேஜ் எல்லாம் சரியா பார்த்துதான் பின்னினேன். ஒரு தடவை துவைச்சதும் தொளதொளன்னு ஆகிடுச்சே?

மாதிரித் துண்டைத் துவைத்தீர்களா என்று நான் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மேலே சொன்ன வழுவழு மெரினோ, நனைந்ததும் நீண்டுவிடும் குணமுள்ளது. துவைத்த துண்டில் எண்ணியிருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும். எந்தக் கம்பளியானாலும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, அளவுக்கு இழுத்துவைத்துத் தரையில் விரித்தே உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே கைகளை முழங்கால்வரை இழுத்துவிடும். பதப்படுத்தாத கம்பளியைச் சுடுநீரில் அலசித் தேய்த்தால் எதிர்ப்பக்க விபத்து நேரும், சுருங்கிக் கம்பளிப் பலகையாகிவிடும். அக்ரிலிக்குக்கு இஸ்திரிப் பெட்டி கூடாது. சூடு பட்ட இடம் உயிரிழந்து தொங்கும், மீளவே மீளாது.

நல்லா பின்ன வந்துட்டா வித்து சம்பாதிக்கலாமா மேடம்?

முன்பு சொன்ன 37 மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானாவில் இயந்திரத்தில் பின்னியவை. அந்த விலையோடு உங்கள் கை போட்டியிட முடியாது. நூல் விலையோடு மணிக்கு ஐம்பது ரூபாய் மட்டும் கூலி வைத்தாலே உழைப்புக்கு 1,850 ரூபாய் ஆகிறது, அது நியாயமான கூலியும் அல்ல. குழந்தைகளின் சாக்ஸ், குல்லா, சின்ன ஸ்வெட்டர் ஆகியவற்றுக்கு மணிநேரம் குறைவு என்பதால் அவற்றில் ஓரளவு கைக்கு நிற்கும். பெரிய ஸ்வெட்டரை வேண்டியவர்களுக்குப் பின்னுங்கள், கடைக்குப் பின்னாதீர்கள் என்பதே என் கருத்து.

எல்லாம் முடிச்சு அக்குளையும் சேர்த்துட்டேன். ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை விழுதே, நான் என்ன தப்பு பண்ணினேன்?

எதுவும் இல்லை, எல்லோருக்கும் விழும். அக்குளில் தனி நூலில் கோத்து வைத்த உடலின் 16ஐயும் கையின் 16ஐயும் எதிரெதிரே வைத்துக் கண்ணிக்குக் கண்ணி ஊசிநூலால் இணைக்கிறோம். இந்தப் பட்டையின் இரு நுனியிலும் உடல், கை, யோக் ஆகிய மூன்றும் வெவ்வேறு திசைகளில் இழுப்பதால் அங்கே வாய் திறக்கிறது. இணைக்கும் நூலைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வையுங்கள். உட்பக்கம் திருப்பி, ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணிகளின் ஒற்றைக் காலை மட்டும் வரிசையாக எடுத்துக் கோத்து, சுருக்குப்பையின் வாயை இழுப்பது போல மெல்ல இழுத்து, எதிர்மூலைக்கு ஒருமுறை கடந்து முடிச்சில்லாமல் நூலை உள்ளே ஓட்டிவிடுங்கள். இழுத்தபின் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். அக்குள் சுருங்கிப் பிடித்தால் சற்றுத் தளர்த்திவிட்டு அதன்பிறகு நூலை வெட்டுங்கள்.